தேசப்படத்தில் நிற்கும் சின்னம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். மெட்ரிகுலேஷன் மட்டும் தேறி, கரக்பூர் டிவிஷனில் ஆபரேட்டிங் கிளையில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நமக்கு விஞ்ஞானம் பேசும் தகுதி உண்டோ என்று சிலர் ஐயுறலாம். ஐயுறுவது முறையே. ஆயினும் 'வண்டி இப்போது எங்கே இருக்கிறது?' என்னும் கேள்வியோடு இருபது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அக்கேள்வியைச் சார்ந்ததே.

அமெச்சூர் வானொலி என்று ஒன்று உண்டு. ஹாம் ரேடியோ என்றும் சொல்வர். அரசாங்கத்தின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, வாணிப நோக்கமின்றி வானொலிக் கருவியால் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வோர் அவர்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் ஹாம் நிலையத்திலிருந்து அந்தமான் செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பியதைப் பலரும் அறிவர். ஆண்டுதோறும் ஜனவரியில் கங்காசாகர் மேளாவில் குடும்பத்தைப் பிரிந்து தவிக்கும் முதியோரை உற்றாரிடம் சேர்ப்பதிலும் வங்காளத்து ஹாம் அன்பர்கள் உழைத்து வருகிறார்கள்.

இவர்கள் வாயால் பேசுவதோடு நில்லாமல், எழுத்துச் செய்திகளையும் வானொலி வழியே சிறு சிறு கட்டுகளாக அனுப்புவதுண்டு. இதற்குப் பாக்கெட் ரேடியோ என்று பெயர். அதன் ஒரு வகை ஏ.பி.ஆர்.எஸ். என்பது. அமெரிக்காவில் அன்னாபொலிஸ் நகரத்துக் கடற்படைக் கல்லூரியில் பொறியாளராக விளங்கிய பாப் புரூனிங்கா என்பார் இதனை உருவாக்கினார். 1982இல் ஒரு சிறு ஆப்பிள் கணிப்பொறியில் கப்பல்களின் இருப்பிடச் செய்திகளைத் தேசப்படத்தில் குறித்துப் பார்த்தார். 1984இல் நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகள் எங்கெங்கே செல்கின்றன என்பதைத் தெரிவிக்க அதனை மேலும் வளர்த்தார். அவர் 2022இல் காலமானார். குதிரைக்காகப் பிறந்த ஏற்பாடு இன்று காருக்கும் படகுக்கும் வானிலைக் கருவிக்கும் வானில் ஏறும் பலூனுக்கும் உதவுகிறது.

இச்செய்திகளை வாங்கித் தேசப்படத்தின்மேல் சின்னங்களாகக் காட்டும் மென்பொருள்கள் பல உள. கணிப்பொறிக்கு எக்ஸாஸ்டிர், யு.ஐ.வியூ போன்றவை, கைபேசிக்கு ஏ.பி.ஆர்.எஸ்.டிராய்டு. உரிமம் இல்லாத நம் போன்றோரும் ஏ.பி.ஆர்.எஸ். டாட் எஃப்.ஐ. என்னும் இணையத் தளத்தில் அப்படத்தைக் காணலாம். காண்பது எளிது, கண்டதைச் சரியாகப் படிப்பதுதான் கடினம்.

2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அம்பான் புயல் கரை கடந்த பின், தெற்கு வங்காளத்தில் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாட்கணக்கில் இல்லாதிருந்தன. அத்தகைய நாளில் ஒரு வீட்டார் இப்படத்தைப் பார்த்து, 'அதோ அவருடைய சின்னம் இருக்கிறது, நலமாகவே இருப்பார்' என்று அமைதி கொண்டால் அது தவறான அமைதியாக முடியலாம். 'சின்னம் அசையவில்லையே' என்று கலங்கினால் அக்கலக்கமும் காரணமற்றதாக முடியலாம். ஆகவே படத்தைப் படிக்கும் முறையைச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

கண்ட்ரோல் ஆபீசில் செக்ஷன் கண்ட்ரோலர் முன் விரித்து வைத்திருந்த பெரிய சார்ட்டு நம் காலனியில் பலருக்கும் பழக்கமானது. ஒரு பக்கம் மணியும் நிமிடமும். மறு பக்கம் ஸ்டேஷன்களின் பெயர்கள். 'இன்ன வண்டி இத்தனை மணிக்குக் கடந்தது' என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லச் சொல்ல, கண்ட்ரோலர் புள்ளியிட்டுக் கோடு இழுப்பார். இன்று அது கணிப்பொறித் திரைக்கு மாறிவிட்டது, முறை மாறவில்லை. புள்ளி என்பது காதால் கேட்ட செய்தி. இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு கண்ட்ரோலரின் கணக்கு. சாகுலியாவைக் கடந்த வண்டி அடுத்த ஸ்டேஷனிலிருந்து செய்தி வரும்வரை சார்ட்டில் சாகுலியாவில்தான் இருக்கும். அதனால் வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கிறது என்று எந்தக் கண்ட்ரோலரும் எண்ணுவதில்லை.

ஏ.பி.ஆர்.எஸ். படமும் இவ்வாறானதே. காரில் உள்ள கருவி ஜி.பி.எஸ். மூலம் தன் இருப்பிடத்தை அறிந்து, ஒரு சிறு செய்தியை வானில் விடுகிறது. யாரேனும் கேட்டால் கேட்டது, கேளாவிட்டால் போயிற்று. 'கிடைத்தது' என்னும் மறுமொழியை அது எதிர்பார்ப்பதில்லை. கேட்டவருடைய படத்தில் சின்னம் தோன்றுகிறது. அடுத்த செய்தி கேட்கும்வரை அது அங்கேயே நிற்கிறது.

அப்படியானால் நொடிக்கொரு முறை அனுப்பலாகாதோ என்று இளைஞர்கள் கேட்பர். ஒரு வட்டாரத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வினாடிக்கு 1200 துணுக்குகள் என்னும் மெதுவான வேகம். கருவி விழித்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு செய்திக்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் நூறு வண்டிகளை விட்டால் என்னவாகும்? இங்கும் அதே கதிதான். இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் எழுந்தால் பெரும்பாலும் இரண்டும் கெடும். ஆகையால் ஓடும் வண்டி ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையும், நிற்கும் வண்டி அரை மணிக்கு ஒரு முறையும் அனுப்புமாறு அமைப்பது வழக்கம். வளைவில் திரும்பும்போது கூடுதலாக ஒன்று அனுப்பும் கருவிகளும் உண்டு. இவற்றில் எத்தனை நம்மை எட்டும் என்பது மலையையும் மேட்டையும் கட்டடத்தையும் பொறுத்தது.

சென்ற குளிர்காலத்தில் நம் காலனியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், உரிமம் பெற்றவர், தம் காரில் இக்கருவியை வைத்துக்கொண்டு ஜாம்ஷெட்பூருக்குப் புறப்பட்டார். அன்னையார் வீட்டிலிருந்து கைபேசியில் படத்தைப் பார்த்தவண்ணம் இருந்தார். பஹராகோராவுக்கு அப்பால் கார்ச் சின்னம் நின்றுவிட்டது. மாலை ஏழு மணிக்கு அவ்வம்மையார் நம் வீட்டு வாயிலில் வந்து நின்று, "அண்ணா, மூன்று மணி நேரமாக வண்டி ஒரே இடத்தில் நிற்கிறதே, போன் பண்ணினால் எடுக்கவும் இல்லையே, என்ன ஆயிற்றோ?" என்று கண்கலங்கினார். "பதற வேண்டாம் அம்மா, அச்சின்னத்தின்மேல் விரலை வையுங்கள்" என்றோம். விவரம் விரிந்தது. கடைசியாகச் செய்தி கேட்டது 4 மணி 10 நிமிடம். அப்போதைய வேகம் மணிக்கு 62 கி.மீ.; திசை வடமேற்கு. நின்ற வண்டி 62 கி.மீ. வேகம் சொல்லாது. 4.10க்குப் பிறகு அவர் குரல் நமக்குக் கேட்கவில்லை என்பது ஒன்றே அப்படம் நமக்குச் சொன்ன செய்தி. வண்டி நலமாகச் சென்றது என்று கூறவும் அதனிடம் ஆதாரமில்லை. ஆதலின் மீண்டும் மீண்டும் போன் செய்தோம். அரை மணி கழித்து அவர் எடுத்தார். நண்பர் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்தார்.

அன்று முதல் அவ்வம்மையார் சின்னம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், கேட்ட நேரத்தைப் பார்க்கிறார். எல்லோரும் செய்யத் தக்கது அதுவே. சில மென்பொருள்களில் சிறிது நேரம் செய்தி வராவிட்டால் சின்னம் மங்கும். மேலும் நேரம் சென்றால் மறைந்துவிடும். எத்தனை நேரத்தில் மங்க வேண்டும், எத்தனை நேரத்தில் மறைய வேண்டும் என்பதைப் பார்ப்பவரே அமைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒருவர் திரையில் இருக்கும் சின்னம் மற்றொருவர் திரையில் இல்லாதிருக்கலாம். வீட்டு நிலையத்தின் சின்னமும் இவ்வாறே. புயலில் கம்பம் சாய்ந்து, கூரை பறந்து, கருவி நனைந்து போனாலும், குறித்த காலம் முடியும்வரை வீட்டுச் சின்னம் படத்தில் தெளிவாகவே நிற்கும்.

நேரத்தைப் பார்க்கும்போது மணிக்கணக்கிலும் கவனம் வேண்டும். செய்திக்குள் அனுப்பியவர் எழுதும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமாக இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. 11.30 என்று செய்தியில் கண்டால் இங்கே மாலை 5 மணி. காலை பதினொன்றரைச் செய்தி என்று எண்ணி ஒதுக்கினால், சற்று முன் வந்த செய்தியைப் பழையதென்று தள்ளியவராவோம்.

இன்னொரு விந்தையும் உண்டு. சில மென்பொருள்கள் கடைசியாகக் கேட்ட வேகத்தையும் திசையையும் கொண்டு, வண்டி இந்நேரம் இங்கே இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சின்னத்தை முன்னே நகர்த்திக் காட்டும். கப்பல் மாலுமிகள் கடலில் செய்யும் கணக்கு இது. பயனுள்ளதே. ஆனால் சாலை வளைந்தாலும் கணக்கு வளையாது. வண்டி டீக்கடையில் நின்றாலும் கணக்கு நிற்காது. வந்த தடத்தைக் காட்டும் கோடும் இத்தகையதே. இரண்டு செய்திகளுக்கு நடுவே மென்பொருள் நேர்க்கோடு இழுத்துவிடும். சுவர்ணரேகா நதியில் பாலமே இல்லாத இடத்தில் கார் நதியைக் கடந்ததாகப் படத்தில் கண்டால் வியக்க வேண்டியதில்லை.

சில வேளைகளில் சின்னம் முன்னே சென்றுவிட்டுப் பின்னே தாவும். எங்கோ ஓர் இடைநிலையம் பழைய செய்தியைத் தாமதமாக அனுப்பிவிட்டது என்பதே அதன் பொருள். நம் துறையிலும் தாமதமாக வரும் செய்திகளுக்குக் குறைவில்லை. இதை மேலும் விளக்க வேண்டா.

இனி இடத்தைப் பற்றிச் சில சொற்கள். சாதாரணச் செய்தியில் இடம் பாகை, கலை, கலையில் நூறில் ஒரு பங்கு என்னும் அளவில் வரும். வடக்கு தெற்காக அந்த நூறில் ஒரு பங்கு 18.5 மீட்டர், ஒரு ரயில் பெட்டியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்ல விரும்பாதவர் கடைசி இலக்கங்களை வெற்றிடமாக விடலாம். ஓர் இலக்கம் விட்டால் 185 மீட்டர், இரண்டு விட்டால் 1.85 கி.மீ. வரை தடுமாற்றம். சில மென்பொருள்கள் அதை வட்டமாகவோ கட்டமாகவோ வரைந்து உணர்த்தும். மற்றவை ஒன்றும் உணர்த்தாமல் சின்னத்தை மட்டும் வைத்துவிடும்.

கையால் இடத்தை எழுதி வைக்கும் நிலையங்களில் பெரும்பிழை நேர்வதுண்டு. நம் கரக்பூர் ஏறக்குறைய வடக்கே 22.34 பாகை, கிழக்கே 87.32 பாகை. இது தசமக் கணக்கு. கலைக் கணக்கில் 22 பாகை 20.4 கலை, 87 பாகை 19.2 கலை. தசமத்தைக் கலையென மயங்கி 22 பாகை 34 கலை, 87 பாகை 32 கலை என்று எழுதினால், நிலையம் கஸாய் ஆற்றைத் தாண்டி வடகிழக்கே முப்பத்துமூன்று கி.மீ. தள்ளி வயல்வெளியில் போய் நிற்கும். உதவிக்குச் செல்லும் படகும் அங்கேயே போய் நிற்கும். இன்னும் வேடிக்கை, ஜி.பி.எஸ். தன் இடத்தை அறியுமுன் அனுப்பும் கருவிகள். அவை பூஜ்யம் பாகை, பூஜ்யம் பாகை என்று அனுப்பிவிடும். அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுக்கடலில் உள்ளது. கார்ச் சின்னம் கடலில் மிதக்கும்.

சின்னங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார், வீடு, சைக்கிள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பலூன், வானிலை நிலையம் எனப் பல உள. ரயில் எஞ்சினுக்கும் ஒரு சின்னம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை இக்காலனியில் சொல்லாமல் விட மனமில்லை. அதை ஏந்தி ஓடும் எஞ்சின் ஒன்றை நாம் இதுவரை படத்தில் கண்டதில்லை. சின்னத்தைத் தேர்ந்தெடுப்பவர் அனுப்புவோரே. அது அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நேற்றுக் காரில் வைத்த கருவியை இன்று கையில் எடுத்துக்கொண்டு நடந்தால், மாற்ற மறந்தவரையில் அவர் காராகவே தெரிவார். புயலின் மையம், வெள்ளம் சூழ்ந்த பாலம் போன்றவற்றையும் ஒரு நிலையத்தார் தாமே படத்தில் குறித்து எல்லோருக்கும் அனுப்பலாம். அங்கே கருவி எதுவும் இருக்காது. அதைக் குறித்தவர் யார், எப்போது என்பதை விவரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்தி எவ்வழியே வந்தது என்பதும் விவரத்தில் இருக்கும். உயரமான இடத்தில் இருந்துகொண்டு கேட்டதைத் திரும்பச் சொல்லும் நிலையத்துக்கு டிஜிபீட்டர் என்று பெயர். வானொலியில் கேட்டதை இணையத்தில் சேர்ப்பதற்கு ஐகேட் என்று பெயர். விண்வெளியில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இத்தகைய டிஜிபீட்டர் உண்டு. ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில் அது தலைக்குமேல் செல்லும் சில நிமிடங்களில், இரண்டாயிரம் கி.மீ. தொலைவில் உள்ளவரும் நம் படத்தில் தோன்றலாம். அவர் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாகக் கொள்ளலாகாது.

புயற்காலத்துக்கு இவ்வழி விவரம் மிகவும் வேண்டியது. நம் கைபேசியில் காணும் படம் முழுதும் இணையம் வழியே வருவது. இணையம் விழுந்தால் அப்படமும் விழும். வானொலியைக் கணிப்பொறியோடு இணைத்துள்ளவர் திரையிலோ, வானொலியில் கேட்டவை மட்டும் மிஞ்சும். மென்பொருளில் இணையத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் எத்தனை மிஞ்சும் என்பது தெரிந்துவிடும். நம் நாட்டில் இவ்வமைப்பைக் கைக்கொண்டோர் மேலை நாடுகளை நோக்கக் குறைவு. ஆகையால் மிஞ்சுபவை சிலவே. படத்தில் சின்னமே இல்லாத வட்டாரம் என்றால் அங்கே ஆபத்தில்லை என்றோ ஆளில்லை என்றோ எண்ணக் கூடாது. அங்கிருந்து கேட்பதற்கு வழியில்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

கடைசியாக வானிலைச் சின்னத்தைப் பற்றி. இதை நம் வீட்டார் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். இவ்வமைப்பு அமெரிக்காவில் பிறந்ததாகையால், செய்தியில் காற்றின் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்றும், வெப்பம் பாரன்ஹீட்டிலும், மழை அங்குலத்தில் நூறில் ஒரு பங்காகவும் வரும். மென்பொருள் அவற்றைக் கி.மீ., சென்டிகிரேடு, மில்லிமீட்டராக மாற்றிக் காட்டும், காட்டுமாறு அமைத்திருந்தால்! வெப்பம் 86 என்று கண்டால் யாரும் ஏமாறமாட்டோம், அது 30 சென்டிகிரேடு என்று புரிந்துகொள்வோம். காற்று 40 என்று கண்டால் ஏமாறுவது எளிது. மணிக்கு 40 கி.மீ. என்பது இந்திய வானிலைத் துறையின் கணக்கில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் காற்று. மணிக்கு 40 மைல் என்றால் 64 கி.மீ.; அது 62இல் தொடங்கும் புயல் வகுப்பைச் சேர்ந்தது. மாடியில் தகரக் கூரை போட்டவர்களுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. எண்ணைப் பார்த்தவுடன் அதன் பக்கத்தில் உள்ள அளவின் பெயரையும் பார்க்க வேண்டும். தனியார் வீட்டு மாடியில் உள்ள காற்றுமானி பக்கத்து மாடியின் நிழலில் குறைத்துக் காட்டுவதும் உண்டு. எச்சரிக்கைக்கு வானிலைத் துறையின் அறிவிப்பையே கொள்ள வேண்டும்.

நம் காலனிப் பிள்ளைகளில் இதில் ஆர்வமுள்ளோர் உரிமத் தேர்வுக்குப் படிக்கலாம். மின்சாரம், வானொலி பற்றிய அடிப்படையும், சட்ட விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். புத்தகங்கள் இரண்டை வாசகசாலைக்குத் தர நாம் இசைந்திருக்கிறோம். உரிமமின்றி அலையில் அனுப்புவது குற்றமாகும். படத்தைப் பார்ப்பதற்கு ஒரு தடையுமில்லை. இன்றிரவே கைபேசியில் திறந்து, ஏதேனும் ஒரு சின்னத்தைத் தொட்டு, கேட்ட நேரம், வந்த வழி, குறித்த அளவு இம்மூன்றையும் கண்டுபிடிக்க முயலுங்கள். புரியாத இடம் இருப்பின் அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். இப்போதே கேட்பவர்களும் கேட்கலாம்.